ஆட்டம் முந்தி, காசு பிந்தி

பட்டிமன்ற நடுவர் ஐயாவுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவைக்கிற ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கையும் மீறி மும்பை மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். தாராவியிலிருந்து நடந்தே வந்துவிட்டோம் என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. உங்களுக்குத் தனி வணக்கம்.

தலைப்பை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பெண்கள் டி20 கிரிக்கெட்டை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது வீராங்கனைகளின் ஆட்டமா, பெண்கள் பிரீமியர் லீக் கொண்டுவந்த பணமா? நான் ஆட்டத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் ஆடிட்டர். அதனால் பேச்சு முழுக்க எண்ணாகவே வந்தது. ஐந்து அணிகளை விற்றது 4,669.99 கோடிக்கு. ஒளிபரப்பு உரிமை ஐந்து வருஷத்துக்கு 951 கோடி. ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா ஒருவருக்கு மட்டும் 3.40 கோடி. எல்லாம் சரியான கணக்குதான், ஐயா. கடைசியில் வரும் அந்த 99 லட்சத்தைக்கூட அவர் விடவில்லை, பாருங்கள்! ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இவ்வளவும் 2023 ஜனவரி, பிப்ரவரியில் நடந்தது. அதற்கு முந்தைய பக்கங்களை அவர் புரட்டவே இல்லை. நான் புரட்டுகிறேன்.

உலகத்தில் முதல் சர்வதேச டி20 ஆட்டத்தை ஆடியது யார்? ஆண்கள் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. 2004 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இங்கிலாந்தில் ஹோவ் என்கிற ஊரில், இங்கிலாந்துப் பெண்களும் நியூசிலாந்துப் பெண்களும் ஆடினார்கள். நியூசிலாந்து 9 ரன்னில் ஜெயித்தது. ஆண்களின் முதல் ஆட்டம் 2005 பிப்ரவரியில், ஆக்லாந்தில். அதையும் எப்படி ஆடினார்கள் தெரியுமா? நியூசிலாந்து ஆண்கள் எண்பதுகளின் பழைய பாணி உடையை மாட்டிக்கொண்டு, கிராமத்துத் திருவிழாவில் மாறுவேடப் போட்டிக்குப் போகிறவர்களைப் போல வந்து நின்றார்கள். டி20 என்பதே ஒரு வேடிக்கை என்று ஆண்கள் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பெண்கள் அதை ஆட்டமாகவே ஆடி முடித்திருந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். ஜோகன்னஸ்பர்க், 2006 டிசம்பர் 1. இந்திய ஆண்கள் ஆடிய முதல் சர்வதேச டி20. ஆட்ட நாயகன் நம் தினேஷ் கார்த்திக். இந்த அரங்கத்தில் அது தெரியாதவர் குறைவு. ஆனால் அதற்கு நாலு மாசம் முன்னால், 2006 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, டெர்பியில் மிதாலி ராஜ் தலைமையில் இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டி20 ஆட்டத்தை ஆடி, இங்கிலாந்தை அவர்கள் ஊரிலேயே 8 விக்கெட்டில் ஜெயித்துவிட்டார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். மூன்று பேர். சரி, நாலு. நடுவர் ஐயாவும் தூக்கிவிட்டார், பெரிய மனசு.

அந்த டெர்பி அணிக்குப் பின்னால் எந்த லீக் இருந்தது? அதற்கு முந்தின வருஷம்தான், 2005-ல், இதே பெண்கள் தென்னாப்பிரிக்காவில் 50 ஓவர் உலகக்கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய்த் திரும்பியிருந்தார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது என்று மிதாலி ராஜே பிற்பாடு பேட்டியில் சொன்னார். ஒரு உலகக்கோப்பை முழுக்க ஆடி வந்ததற்கு, இந்த ஊரில் ஒரு மாச வாடகைக்குக்கூடத் தேறாத பணம்.

அதற்கும் முந்தைய கதை இன்னும் மோசம். 1973-ல் தொடங்கி 2006 வரை பெண்கள் கிரிக்கெட்டுக்குத் தனிச் சங்கம். கையில் காசே இல்லாத சங்கம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் பயணம், தரையில் படுக்கை. அந்தச் சங்கத்தில் செயலாளராக இருந்த நூதன் கவாஸ்கர், சுனில் கவாஸ்கரின் தங்கை, ஒன்று சொல்லியிருக்கிறார். சில அணிகளில் மொத்தமே மூன்று பேட். தொடக்க ஆட்டக்காரர்கள் இரண்டு பேரிடம் ஒவ்வொன்று, மூன்றாவதாக இறங்குகிறவளிடம் ஒன்று. ஒருத்தி அவுட் ஆகி வந்தால், அவள் கால்காப்பையும் பேட்டையும் வாங்கிக்கொண்டு நாலாவது ஆள் இறங்க வேண்டும்! இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்படியும் ஆடினார்கள்.

அவர்களுக்குச் சோறு போட்டது யார்? இங்கே சர்ச்கேட்டில் தலைமையகம் வைத்திருக்கிற மேற்கு ரயில்வேயும் மற்ற ரயில்வேக்களும். டயானா எடுல்ஜி நம் மும்பைக்காரர், இந்தியாவின் கேப்டனாக இருந்தவர். மேற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே மற்ற பெண்களுக்கும் ரயில்வேயில் வேலை வாங்கித்தரப் பாடுபட்டவர். மிதாலி ராஜ் ரயில்வே. ஹர்மன்ப்ரீத் கவுர் பஞ்சாபின் மோகாவிலிருந்து மும்பைக்கு வந்தது மேற்கு ரயில்வே வேலைக்கு. எதிரணி எழுந்து, பார்த்தீர்களா, கடைசியில் அதுவும் சம்பளம்தானே, பணம்தானே என்று கேட்கும். கேட்கட்டும். மாசச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு லீவு போட்டு நாட்டுக்காக ஆடுவதும், லீக் ஏலத்தில் கோடிக்குப் போவதும் ஒன்று என்றால், நாங்கள் இப்போதே தோல்வியை ஒத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போகிறோம்.

இனி மிதாலி. தமிழ்க் குடும்பத்துப் பெண். பிறந்தது ஜோத்பூர், வளர்ந்தது செகந்திராபாத். அப்பா விமானப்படை. சின்ன வயசில் பரதம் கற்றுக்கொண்டவர். அவரை நாம் 50 ஓவர் ஆட்டக்காரியாகவே ஞாபகம் வைத்திருக்கிறோம், நிதானமாக ஆடுவார் என்று. ஆனால் சர்வதேச டி20-ல் 2,000 ரன்னை முதலில் தொட்ட இந்தியர் அவர். இந்தியப் பெண் என்று சொல்லவில்லை, இந்தியர் என்கிறேன். 2018 ஜூன் மாசம். விராட் கோலியும் ரோஹித் சர்மாவும் அந்த எண்ணுக்கு அவருக்குப் பிறகுதான் வந்தார்கள். அன்றைக்கு அவரிடம் இருந்தது கிரிக்கெட் வாரியத்தின் ஒப்பந்தமும் ரயில்வே வேலையும். லீக் கிடையாது.

லீக் கிடையாது என்று சொன்னது முழுக்கச் சரியில்லை, திருத்திக்கொள்கிறேன். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் ஒரே ஒரு காட்சி ஆட்டம் நடந்தது, நம் வான்கடேயில். 2018 மே 22. ஐபிஎல் தகுதிச் சுற்று ராத்திரி. அதற்கு முன்னால் அதே மைதானத்தில் பெண்களை ஆடச் சொன்னார்கள். எப்போது? செவ்வாய்க்கிழமை மத்தியானம். மே மாசத்து மும்பை மத்தியானம்! மெரைன் டிரைவில் காக்காகூட நிழல் தேடுகிற நேரம். ஹர்மன்ப்ரீத்தும் ஸ்மிருதியும் இரண்டு பக்கத்துக் கேப்டன்கள். ஆட்டம் கடைசிப் பந்து வரை போனது. பார்க்கத்தான் ஆள் இல்லை. ‘பாருங்கள், கூட்டமே இல்லை, பெண்கள் ஆட்டம் விலைபோகாது’ என்று அப்புறம் பேசினவர்கள் உண்டு. வேலை நாளில், வெயில் கொளுத்துகிற நேரத்தில் கடையைத் திறந்துவிட்டு, வியாபாரம் இல்லை என்று சரக்கின் மேல் பழி போட்டார்கள்.

அதே வருஷம் நவம்பர் 9, கயானா. டி20 உலகக்கோப்பை, நியூசிலாந்தோடு முதல் ஆட்டம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல நேரம் கொடுங்கள் ஐயா. 40 ரன்னுக்கு மூன்று விக்கெட் போய்விட்டது. கேப்டன் ஹர்மன்ப்ரீத் இறங்குகிறார். எதிர்முனையில் நம் பாந்த்ரா பெண் ஜெமிமா ரோட்ரிக்ஸ். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயசு. கொஞ்ச நேரத்தில் கேப்டனுக்கு வயிற்றைப் பிடித்து இழுக்கிறது, தசைப்பிடிப்பு. இரண்டு இரண்டாக ஓடினால் இன்னும் பிடிக்கும். அப்போது என்ன முடிவெடுத்தார்? ஓடினால்தானே வலி, சிக்ஸர் அடித்துவிட்டால் ஓடவே வேண்டாமே என்று. ஆட்டம் முடிந்தபிறகு அவரே சொன்ன விளக்கம் இது. 51 பந்தில் 103. எட்டு சிக்ஸர். சர்வதேச டி20-ல் ஒரு இந்தியப் பெண் அடித்த முதல் சதம். வயிற்றுவலிக்கு இப்படி ஒரு வைத்தியத்தை எந்த ஆஸ்பத்திரியிலும் எழுதித்தர மாட்டார்கள்.

எல்லோரும் அந்த 103-ஐப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அதே ஆட்டத்தில் இன்னொருத்தி முதல்முறையாக இந்தியாவுக்காக டி20 ஆடினாள். தயாளன் ஹேமலதா. சென்னைப் பொண்ணு. ஆஃப் ஸ்பின் போட்டு முதல் ஆட்டத்திலேயே மூன்று விக்கெட். நம் வீட்டுப் பிள்ளையின் பெயரை நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? அதுவும் லீக்குக்கு நாலு வருஷத்துக்கு மேல் முன்னால்.

2020 மார்ச் 8, மெல்போர்ன். டி20 உலகக்கோப்பை இறுதி ஆட்டம். மைதானத்தில் இருந்தவர்கள் 86,174 பேர். நாம் தோற்றோம். மழுப்ப வேண்டாம், படுதோல்வி. ஆஸ்திரேலியா 184, நாம் 99-க்கு ஆல் அவுட். ஷஃபாலி வர்மாவுக்கு அப்போது பதினாறு வயசு. ரோத்தக்கில் பெண்பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்றதால் தலைமுடியை வெட்டிக்கொண்டு பையனைப் போலப் போய் ஆட்டம் கற்றவள். அவள் அன்றைக்கு 2 ரன்னில் போனாள், டிரெஸ்ஸிங் ரூமில் அழுதிருப்பாள். சரி, ஆட்டத்தில் அதுவும் உண்டு.

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அந்த அணி அடுத்த சர்வதேச ஆட்டத்தை ஆடியது 2021 மார்ச் 7-ஆம் தேதி, லக்னோவில். ஏறக்குறைய ஒரு வருஷம். கொரோனா என்பீர்கள். கொரோனா ஆண்களுக்கு மட்டும் விசா கொடுத்ததா? அவர்கள் துபாயில் ஐபிஎல் ஆடினார்கள், ஆஸ்திரேலியா போய்த் தொடரையும் ஜெயித்து வந்தார்கள். அதைவிட ஒன்று. அந்த இறுதி ஆட்டத்தில் தோற்ற அணிக்கான பரிசுப் பணம் 5 லட்சம் டாலர். அதில் வீராங்கனைகளின் பங்கு, 2021 மே மாசம் பத்திரிகையில் செய்தி வருகிற வரை அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. பதினாலு மாசம்! பணம்தான் ஆட்டத்தை வளர்த்தது என்கிறார் ஆடிட்டர் ஐயா. ஆடி ஜெயித்த பணமே வராமல் இருந்த காலத்திலும் ஆட்டம் நின்றதா?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2022 டிசம்பர் 11, நவி மும்பை, டி.ஒய். பாட்டீல் மைதானம். இந்தியா, ஆஸ்திரேலியா டி20. லீக் தொடங்கப்போகிறது என்று அப்போதே தெரியும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு அணியும் விற்கப்படவில்லை, ஒரு பெண்ணும் ஏலத்தில் போகவில்லை. எங்கள் செம்பூர் காலனியிலிருந்து ஒரு டெம்போ டிராவலர் நிறையப் போனோம். எங்களைப் போல் கொஞ்சம் பேர்தான் வருவார்கள், காலைநீட்டி உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டு போனால், நெரூல் ஸ்டேஷன் பக்கம் நடக்கவே இடமில்லை. நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

எனக்கு முன்வரிசையில் பத்து, பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி, மராட்டிக் குடும்பம். மடியில் நீள நோட்டு. ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி வைத்து, ரன் எழுதி, ஓவர் முடிந்தால் கோடு போடுகிறாள். பெரிய திரையில் எல்லாம் தெரிகிறதே, எதற்கு எழுதுகிறாய் என்று அவள் அப்பா கேட்டார். அது அவர்களுடையது, இது என்னுடையது என்றாள். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். தேவிகா வைத்யா பவுண்டரி அடித்தாள், நாலு ரன், இரண்டு அணியும் சமம். டை. பக்கத்தில் இருந்த எங்கள் மாமி, ‘முடிஞ்சுபோச்சா? யார் ஜெயிச்சா?’ என்று கேட்கிறார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, ‘சூப்பர் ஓவர், ஆண்ட்டி’ என்று சொல்லிவிட்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். சமனை உடைக்க ஆளுக்கு ஒரு ஓவர். ரிச்சா கோஷ் முதல் பந்தே சிக்ஸர். அடுத்த பந்தில் அவுட். அப்புறம் ஒரு ஒற்றை ரன், பிறகு ஸ்மிருதி நாலு, ஆறு, மூன்று. மொத்தம் 20. ஆஸ்திரேலியாவால் 16-தான் முடிந்தது. அதற்கு மேல் அந்த நோட்டைப் பார்க்க முடியவில்லை, எல்லோரும் நின்றுவிட்டோம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி இந்த ஆட்டத்தைத் தொட்டார். ‘அன்றைக்கு டிக்கெட் இலவசம், ஓசி என்றால் மும்பைக்காரன் எதற்கும் வருவான்’ என்றார். தம்பி, நீங்கள் முலுண்டில் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசிக்காக முலுண்டிலிருந்து நெரூலுக்கு, தாணேயில் வண்டி மாறி, வந்து பாருங்கள். திரும்பிப் போகும்போது ராத்திரி பதினொன்றரை. இந்த ஊரில் இலவசம் என்று எதுவும் கிடையாது, நேரம்தான் இங்கே பெரிய காசு. அதைச் செலவழித்துக்கொண்டு வந்த கூட்டம் அது. அடுத்த மாசம் அணிகளுக்கு விலை குறித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. தர்மத்துக்குக் கொடுத்தவர்களும் இல்லை. இங்கே வாங்க ஆள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை சொன்னவர்கள்.

பணமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 அக்டோபரில் ஆட்டக் கட்டணத்தைச் சமமாக்கினார்கள். ஒரு டி20 ஆட்டத்துக்கு ஒரு லட்சமாக இருந்தது மூன்று லட்சம் ஆனது. நல்ல காரியம், கை தட்டுங்கள். கூடவே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அறிவிப்பு வந்தபோது வருஷ ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். சமம் என்ற சொல்லைத் தலைப்பில் போட்டவர்கள் இதைச் செய்தியின் அடியில் போட்டார்கள்.

எதிரணிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்றால் ஆஷா சோபனாவுக்காகக் கொடுங்கள் ஐயா. திருவனந்தபுரத்துப் பெண், லெக் ஸ்பின். லீக்கில் பெங்களூருக்காக நன்றாகப் போட்டதால்தான் 2024-ல் முப்பத்து மூன்று வயசில் இந்தியாவுக்காக டி20 ஆடினார். லீக் இல்லாவிட்டால் அவர் பெயர் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முப்பத்து மூன்று வயசு வரைக்கும், யாரும் பார்க்காத மைதானங்களில், கேரளா, ரயில்வேஸ், புதுச்சேரி என்று பந்து போட்டுக்கொண்டே இருந்தாரே, அப்போது அவரை அங்கே பிடித்துவைத்தது எந்த ஏலம்? லீக் அவரைக் கண்டெடுத்தது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். உண்டாக்கியது என்று சொல்லாதீர்கள்.

அதே மாதிரிதான் ராதா யாதவ். காந்திவிலியில் சின்னஞ்சிறு வீடு, அப்பாவுக்குச் சின்னக் கடை. அவள் 2018-லேயே இந்தியச் சட்டை போட்டுவிட்டாள். அப்புறம் நம் மதுரை கமலினி. பதினாறு வயசில், 2024 டிசம்பர் ஏலத்தில் மும்பை அணி 1.60 கோடிக்கு எடுத்தது. ஆடிட்டர் ஐயா இதைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன், மதுரைப் பிள்ளை அல்லவா. ஆனால் அவள் முதன்முதலில் பேட்டைப் பிடித்தபோது இந்த லீகே பிறக்கவில்லை.

ஒரு நிமிஷ மணி அடித்துவிட்டார்கள். முடித்துவிடுகிறேன்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வி. ஐபிஎல் வந்தது 2008-ல். அதே வாரியம், முதலாளிகளில் சிலரும் அதே ஆட்கள். கோடிக்குப் பஞ்சமே இல்லை. பெண்கள் லீக் வந்தது 2023-ல். நடுவில் பதினைந்து வருஷம். பணம்தான் பெண்கள் கிரிக்கெட்டை வளர்த்தது என்றால், அந்தப் பதினைந்து வருஷம் அந்தப் பணம் எங்கே போயிருந்தது? வேறு எதுவும் வேண்டாம் அக்கா, இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.